கூரைக்கு ஏறிய கேமரா

1933-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ படத்தின் கதை சின்னது. நியூயார்க்கில் ஓர் ஆடல் பாடல் நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. அரங்கேறும் நேரத்தில் நாயகிக்குக் கணுக்கால் முறிய, கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த பெகி என்ற புதுப்பெண் அந்த இடத்துக்கு வருகிறாள். சிரிக்கவைக்கும் வசனங்கள் ஏராளம். ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்கு இழுப்பவை கடைசியில் வரும் நடனங்கள். அமைத்தவர் பஸ்பி பெர்க்லி.

அவர் முறையாக நடனம் பயின்றவர் இல்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சிப்பாய்களுக்கு அணிவகுப்பு அமைத்துக் கொடுத்தவர். பெருங்கூட்டத்தை ஒரே நொடியில் திருப்பும் கணக்கு அங்கேதான் அவருக்குக் கைவந்தது.

பேசும்படம் வந்த புதிதில், கேமராவின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாதென்று அதைச் சத்தம் கசியாத அறைக்குள் அடைத்துவைத்தார்கள். அறையோடு கேமரா எங்கே நகரும்? பாட்டை முன்கூட்டியே பதிவுசெய்து, படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஆடவைக்கும் முறை வந்த பிறகுதான் அதற்கு விடுதலை. பெர்க்லி அதை உச்சிக்கே ஏற்றினார். நம் சினிமாக்காரர்கள் ‘டாப் ஆங்கிள்’ என்பார்களே, அது. ஸ்டுடியோவின் உயரம் போதாதபோது கூரையில் ஓட்டை போடவும் அவர் தயங்கவில்லை.

எதிரே நின்று பார்த்தால் முன்வரிசை பின்வரிசையை மறைக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் எவரும் மறைவதில்லை. 12 பேரை வட்டமாகப் படுக்கவைத்தால் ஆளுக்கு 30 பாகை. ஒரே தாளத்தில் எல்லோரும் கைகளை விரிக்க, பூ மலர்கிறது. தளத்தைச் சுழற்றினால் பூவும் சுழல்கிறது. கலைடாஸ்கோப்பில் ஒரு வளையல் துண்டைப் பலவாக்கும் வேலையைக் கண்ணாடிகள் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒவ்வோர் இதழும் ஓர் ஆள். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் பூ கோணிப்போகும்.

இந்தப் படத்தில் ஒரு பாட்டில் சுழலும் மேடையில் பெண்கள் வெள்ளை உடையில் ஆடுகிறார்கள். மேலிருந்து அவர்களைக் கோலங்களாகக் காட்டிய கேமரா கீழே இறங்கி, வரிசையாக அகட்டி நிற்கும் அவர்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து ஊர்ந்து போகிறது. கதைப்படி இது மேடை நாடகம். அரங்கில் முதல் வரிசை டிக்கெட் வாங்கியவருக்குக்கூட இந்தக் காட்சி தெரிய வழியில்லை! அதைப் பற்றி பெர்க்லி கவலைப்படவே இல்லை. நடனத்தைப் பார்க்கும் கண் கேமரா ஒன்றுதான் என்று முடிவுகட்டியிருந்தார். அப்போது பாட்டுக் காட்சிகளைப் பல கேமராக்களை வைத்து எடுத்து, பிறகு வெட்டி ஒட்டுவது வழக்கம். அவர் ஒரே கேமரா போதும் என்றார். எந்த ஷாட்டுக்குப் பின் எது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டு வந்தால் வேறு எதற்கு?

அதே ஆண்டு வந்த ‘ஃபுட்லைட் பரேட்’ படத்தில் இதே வித்தையை நீச்சல் குளத்துக்குள் இறக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.