வீட்டிலிருந்து கல்லூரி செல்லும் பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டு

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் சில்லரைக் கடைகளின் பாக்கி ஏறுவதை மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் பேரேட்டைப் பார்த்தே அறிவோம். கேட்டால் வியாபாரம் மந்தம் என்பார்கள். பல கடைகளில் உண்மைக் காரணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். கல்லாவிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, சரக்குக்குக் கடன் சொல்கிறார்கள். ரொக்கக் கொள்முதலில் கிடைக்கும் தள்ளுபடி அதோடு போய்விடும். சிலர் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார்கள். அது ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதை வணிகப் பெருமக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பிள்ளை விடுதியிலா இருக்கிறது? வீட்டிலிருந்துதானே போய் வருகிறது, அதற்கு யார் பணம் தருவார்கள்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். பஸ் செலவு, மதியச் சாப்பாடு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் என்று அன்றாடம் போகும் சில்லரையை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு மாதம் தனித்தாளில் எழுதிப் பார்த்தால் தெரியும். (மாலையில் அதே பிள்ளை கடையில் பொட்டலம் கட்டுவதற்குக் கூலி எழுதும் வழக்கமும் நம்மிடம் இல்லை. தேர்வு மாதத்திலாவது அவனை விட்டுவிடுங்கள்.)

வீட்டிலிருந்து படிப்பதால் தடைபடாத உதவிகள் பல உள்ளன. தமிழக அரசு 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் மாணவர்களுக்கும் இதே உதவி வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டனர். விடுதியா, வீடா என்ற கேள்வி இதில் இல்லை. ஆண்டுக்கு 12,000, மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஏறத்தாழ 36,000 ரூபாய். பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே வரவாகும். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான். அஞ்சல் வழிக் கல்விக்கு இது கிடையாது.

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகையில் மட்டும் வீட்டுக்கும் விடுதிக்கும் வேறுபாடு வைத்திருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு விதிப்படி, பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து செல்பவருக்கு 7,000. பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளுக்கு 6,000, 3,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பாதியானாலும் அது வரவுதான். விடுதியில் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் விடுவது சரியல்ல.

நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குச் சாதி பாராமல் மத்திய அரசு தரும் தொகையும் உண்டு. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் நாலரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வேறு உதவித்தொகை வாங்குபவர் இதைப் பெற முடியாது. எது லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நம் சமூகத்தில் இன்னும் பட்டதாரியே இல்லாத குடும்பங்கள் ஏராளம். அவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழை மறக்கக் கூடாது. 2010-11 கல்வியாண்டு முதல் வந்த இந்தச் சலுகையில் தொழிற்படிப்புக் கட்டணம் குறைகிறது. ஆனால் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். நன்கொடை கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குபவர், அந்த நன்கொடையோடு இந்தச் சலுகையையும் சேர்த்து இழக்கிறார்.

இவை போகவும் துண்டு விழுந்தால், கல்லாவைத் தொடுவதற்கு முன் வங்கிக் கல்விக் கடனைக் கேளுங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தவர்கள் மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. வீட்டில் தங்கும் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு கடனில் வராது. கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர் ஆகியவை வரும். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, கட்டிய வட்டி முழுவதற்கும் 80-இ பிரிவில் 8 ஆண்டுகள் கழிவு உண்டு.

இதிலெல்லாம் நமக்கு இடறுவது ஒரே இடத்தில்தான். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, கடைக்காரருக்கு இல்லை. சிறு கடைக்குக்கூட வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து வைத்திருப்பவர்களை வங்கி மேலாளர் உட்கார வைத்துப் பேசுகிறார். அது இல்லாதவர்கள் இ-சேவை மையம் மூலம் தாசில்தாரின் வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது ஓராண்டுதான் செல்லும். மே மாதமே விண்ணப்பித்துவிட்டால் கல்லூரி திறக்கும்போது அலைய வேண்டியதில்லை. கூடவே பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, சான்றிதழில் உள்ள இனிஷியலும் ஆதாரில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.