குழாய் மூட்டுகளும் தகவல் பலகையும்

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர், ஆற்றுப் படுகையிலுள்ள கிணற்றிலிருந்து புறப்பட்டு நம் கிராமத்து மேல்நிலைத் தொட்டியை அடைவதற்குள் எத்தனையோ மூட்டுகளைக் கடந்து வருகின்றது. நீண்ட குழாய்கள் பெரும்பாலும் ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று நுழைந்து, இடையே ரப்பர் வளையம் பொருந்த, மண்ணுக்கடியில் கிடக்கின்றன. பம்பு, வால்வு, நீர்மானி ஆகியவை வருமிடங்களில் இம்முறை பயன்படாது; என்றேனும் ஒரு நாள் அவற்றைக் கழற்ற வேண்டிவரும். ஆகவே அங்கெல்லாம் பிளாஞ்சு மூட்டு அமைக்கின்றனர். குழாயின் முனையில் தட்டுப் போன்ற விளிம்பு, எதிர்க் குழாயிலும் அதே போன்ற விளிம்பு, இரண்டுக்கும் நடுவே ரப்பர் கேஸ்கட், சுற்றிலும் போல்ட்டுகள். எளிதில் கழற்றலாம் என்பது இதன் நன்மை. கழற்றியவர் செம்மையாகப் பூட்டாது சென்றால் கசியத் தொடங்கும் என்பது இதன் தொல்லை.

இம்மூட்டுகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஒரு சங்கடத்தின் பின்னரே தோன்றியது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நம் வட்டாரத்தின் கடைக்கோடிக் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஏறத்தாழ அறுபது வீடுகள். அலுவலகக் கணினியில் அக்குடியிருப்பு முழுப் பச்சையாகக் காட்சியளித்தது. வீட்டு இணைப்புகள் நூற்றுக்கு நூறு, வால்வுப் பழுதும் 'முடிந்தது'. நேரில் கண்டதோ, பெண்கள் குடங்களுடன் ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகையில் காத்திருந்த காட்சி. அவர்களுள் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் நம்மைப் பார்த்து, "ஐயா, உங்கள் கம்ப்யூட்டரில் வரும் தண்ணீரை எந்தக் குடத்தில் பிடிப்பது?" என்று கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றோம்.

மறுநாட்காலை பணி மேற்பார்வையாளரையும் தொட்டி இயக்குபவரையும் அழைத்துக்கொண்டு குழாய்ப் பாதை நெடுகிலும் நடந்தோம். பாதி வழியில் ஒரு சிறு பாலத்தருகே புல் பசேலென்று தழைத்திருந்தது. இரண்டு எருமைகள் சேற்றில் சுகமாகப் படுத்திருந்தன. கோடையில் அவ்வளவு ஈரம் வந்த வழியை விளக்க வேண்டியதில்லை. வால்வுத் தொட்டியில் நிரம்பிய நீரை இறைத்துவிட்டுப் பார்த்தபோது, எட்டு போல்ட்டுகள் இருக்கவேண்டிய பிளாஞ்சில் ஆறுதான் இருந்தன. கேஸ்கட், பழைய லாரி டியூபிலிருந்து வெட்டியது. ஒருபுறம் நசுங்கியும் மறுபுறம் பிதுங்கியும் கிடந்தது. மூன்று மாதங்களுக்கு முன் வால்வைப் பழுது பார்க்கக் கழற்றிய மூட்டு அது. யார் பூட்டினார், என்று பூட்டினார், பூட்டியபின் நீர் விட்டுப் பார்த்தாரா என்று அறிய அறிக்கையைப் புரட்டினோம். அவற்றுக்கெல்லாம் அதில் கட்டமே இல்லை. அப்படிவத்தை வகுத்தவர்கள் நாமே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கசிந்த நீரை ஒரு குடத்தில் பிடித்தோம். பதினைந்து லிட்டர் குடம் ஒரு நிமிடத்தில் நிறைந்தது. பம்பு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 7,200 லிட்டர் வீணாகிறது. ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் மிஷன் வகுத்துள்ள அளவு. அக்கணக்கின்படி ஏறத்தாழ 130 பேருக்குரிய நீர், அதாவது அக்குடியிருப்பு மக்களில் பாதிப்பேருக்கு மேல் போதுமான நீர், எருமைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிளாஞ்சைப் பூட்டுவது ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. போல்ட்டை முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கின்றது. நீண்ட போல்ட் சுருள்வில்லைப் போல் இரு விளிம்புகளையும் இழுத்துப் பிடித்துக் கேஸ்கட்டை அழுத்துகின்றது. வட்டமாக ஒரு பக்கத்திலிருந்தே முறுக்கிக்கொண்டு வந்தால் அப்பக்கம் நசுங்கும், எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். எட்டு போல்ட் உள்ள மூட்டில் ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு, இரண்டு, ஆறு, நான்கு, எட்டு என எதிரெதிராக முறுக்கிச் செல்லவேண்டும். ஒரே மூச்சில் முழு இறுக்கமும் கொடுத்தலாகாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2000-ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிட்ட பிசிசி-1 என்னும் வழிகாட்டி, முதற்சுற்றில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு, அடுத்த சுற்றில் ஐம்பது முதல் எழுபது பங்கு, பின்னர் முழு அளவு, அதன்பின் வரிசையாக ஒரு சுற்று எனப் படிப்படியாக இறுக்கும் முறையை விவரிக்கின்றது. ரப்பர் கேஸ்கட் அழுத்தத்தில் சற்றே தளரும் இயல்புடையதாகையால், சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பது நலம். பம்பு ஓடிக்கொண்டிருக்கையில், குழாயில் அழுத்தம் இருக்கும்போது, கசியும் போல்ட்டை இறுக்க முற்படுவோரை உடனே தடுத்து நிறுத்தவேண்டும்; அது ஆபத்தான பழக்கம்.

மூட்டைப் பற்றிய செய்தி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்ச் சேராவிடில் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே, வடகடலில், பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அங்கே ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தனர். திறந்த குழாய் முனையை மூடு பிளாஞ்சு ஒன்றால் அடைத்து வைத்திருந்தனர். மாலைக்குள் வேலை முடியவில்லை. பம்பைப் பற்றி ஓர் அனுமதிச் சீட்டும் வால்வைப் பற்றி மற்றொரு சீட்டும் தனித்தனியே இருந்தன. இரவு மாற்று அணியினருக்கு வால்வு கழற்றப்பட்ட செய்தி எட்டவில்லை. மற்றொரு பம்பு நின்றுவிடவே, அவர்கள் இந்தப் பம்பை ஓட்ட முயன்றனர். இறுக்கமாகப் பூட்டப்படாத மூடு பிளாஞ்சின் வழியே வாயு கசிந்து தீப்பற்றியது என்பது பிரபு கல்லன் தலைமையில் நடந்த விசாரணையின் முடிவு. மாண்டவர் 167 பேர். 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளைக் கூறிற்று.

நம் குடிநீர்க் குழாயில் தீப்பற்றும் அபாயம் இல்லை. ஆனால் கழற்றியவர் அறிந்ததை ஓட்டுபவர் அறியாதிருக்கும் நிலை இரண்டு இடத்திலும் ஒன்றே.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கடல் மேடைகளும் இன்று இக்கணக்கை மென்பொருள் கொண்டு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு மூட்டுக்கும் தனி எண் உண்டு. அவ்வெண் தாங்கிய சீட்டு மூட்டிலேயே கட்டித் தொங்கும். கழற்றப்பட்டது, கேஸ்கட் மாற்றப்பட்டது, பூட்டப்பட்டது, இறுக்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, அழுத்தச் சோதனையில் தேறியது என ஒவ்வொரு படியிலும் செய்தவர் பெயரும் நாளும் நேரமும் பதியப்படும். எந்தக் கருவியால் இறுக்கினார், அக்கருவி அளவுச் சோதனை செய்யப்பட்டதா என்பனவும் சேரும். இப்பதிவுகளையெல்லாம் தொகுத்து ஒரே பார்வையில் காட்டுவதே டாஷ்போர்டு எனப்படும் தகவல் பலகை. மொத்த மூட்டுகள் எத்தனை, திறந்து கிடப்பவை எத்தனை, சோதனைக்குக் காத்திருப்பவை எத்தனை என்பன வண்ணங்களாகவும் வட்டங்களாகவும் தோன்றும். பலகையின் பின்னே அறிக்கைகள் இருக்கும். பலகை காட்டுவது தொகை. பெயரும் நாளும் அறிய அறிக்கைக்குத்தான் போகவேண்டும்.

எந்த அறிக்கையை முதலில் பார்ப்பது? சதவீதம் காட்டும் அறிக்கையை நாம் கடைசியில் வைப்போம். நானூறு மூட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முடிந்தது என்றால் கேட்க இனிமையாக இருக்கும். மீதமுள்ள எட்டில் ஒன்று பிரதானக் குழாயில் இருந்தால் ஊர் முழுவதும் வறண்டுவிடும். ஆதலின் முதலில் காணவேண்டியது, திறந்து கிடக்கும் மூட்டுகளின் பட்டியல், எண்ணும் இடமும் எத்தனை நாளாகத் திறந்துள்ளது என்ற குறிப்பும் உட்பட. அடுத்து, ஒரே மூட்டின் வரலாறு. ஒரு மூட்டு ஓராண்டில் மும்முறை கசிந்ததாக வந்தால் பூட்டியவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. இரு குழாய்களும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம், அல்லது தாங்குகல் அமிழ்ந்திருக்கலாம். போல்ட்டை மேலும் மேலும் முறுக்கிக் குழாயை வளைக்க முயன்றால் விளிம்பு உடையும். மூன்றாவதாக நேரக் குறிப்பு. ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் நாற்பது மூட்டுகளை இறுக்கினார் என்று அறிக்கை சொன்னால், அவை மேசையில் அமர்ந்து இறுக்கப்பட்டவை என்று கொள்ளலாம்.

நம் கிராமக் குடிநீர்ப் பணியிலேயே இத்தகைய வேறுபாடு ஒன்று முறையாக வகுக்கப்பட்டிருக்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் மிஷனின் தகவல் பலகையை யாரும் இணையத்தில் காணலாம். வீடுதோறும் நீர் பெற்ற கிராமங்களை அது இரு வகையாகக் காட்டும். இலாகா தெரிவித்தவை ஒரு வகை. கிராம சபை கூடி ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றிச் சான்றளித்தவை மற்றொரு வகை. முதல் எண்ணைவிட இரண்டாவது எண் குறைவாக இருந்தால் எதைப் பார்த்து வேலை செய்வது என்பதை ஊராட்சித் தலைவர்கள் அறிவார்கள். கடைக்கோடி வீட்டுக்காரர் கிராம சபையில் கையுயர்த்தும் வரை, இரண்டாவது பட்டியலுக்கு அவசரப்பட வேண்டாம் என்பது நம் கருத்து.

பெரிய ஆலைகளின் மென்பொருளை ஊராட்சி ஒன்றியம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நாம் செய்தது மிகச் சிறியது. முதலில் தரைமட்டத் தொட்டி முதல் கடைசிக் குடியிருப்பு வரை மூட்டுகளை எண்ணினோம், நாற்பத்தாறு இருந்தன. தொட்டி இயக்குபவர் முப்பதுக்குள் இருக்கும் என்றார், மேற்பார்வையாளர் அறுபது என்றார்! ஒவ்வொரு வால்வுத் தொட்டியின் மூடிக்கு உட்புறத்தில் பெயிண்டால் எண் எழுதினோம்; வெளிப்புறத்தில் எழுதினால் வெயிலில் மங்கும், சுவரொட்டியும் ஒட்டிவிடுவார்கள். அலுவலகக் கணினியில் ஒரு விரிதாள் திறந்து, மூட்டின் எண், கழற்றிய நாள், காரணம், கேஸ்கட்டின் வகை, பூட்டியவர், நீர் விட்டுப் பார்த்தவர், மறுநாள் பார்வை எனக் கட்டங்கள் இட்டோம். பூட்டியவரும் நீர் விட்டுப் பார்த்தவரும் ஒருவராக இருத்தல் கூடாது என்பது ஒன்றே கண்டிப்பான விதி. மறுநாள் பார்வைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. உலர்ந்த செய்தித்தாளை விளிம்பைச் சுற்றித் தேய்த்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும். மறுநாள் பார்வைக் கட்டம் நிரம்பும் வரை அம்மூட்டு சிவப்பாகவே இருக்கும். வாரம் ஒருமுறை சிவப்பு மூட்டுகளை மட்டும் அச்சிட்டு ஆய்வுக் கூட்டத்தில் படிக்கின்றோம்.

இதனுடன் மற்றொரு தாளும் உண்டு. கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும் என்பது விதி. கடைக்கோடியில் வசிக்கும் ஒரு பெண் உறுப்பினர், நீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் கைப்பேசியில் தெரிவிக்கின்றார். மூட்டுத் தாள் முழுப் பச்சையாக இருந்து, அவர் தாளில் நீர் வந்த நேரம் குறைந்திருந்தால், அவர் தாளையே நம்புகின்றோம். உடனே ஒருவர் பாதை நெடுகிலும் நடக்கவேண்டும்.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தோம். முதல் மாதத்தில் சிவப்புக் குறிக்குக் காரணமானவர்களைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டோம். இரண்டாம் மாதத்தில் தாள் அழகிய பச்சையாக வந்தது. கடைக்கோடி அம்மையாரின் குடம் மட்டும் நிறையவில்லை. அதன்பின், கசிவைத் தாமே முன்வந்து தெரிவிப்பவரை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறினோம். அடுத்த மாதம் சிவப்பு பெருகியது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டபோது, கசிவுகள் முன்பும் இருந்தன, இப்போது எழுதப்படுகின்றன என்று பதில் அனுப்பினோம்.

பாலத்தருகிலுள்ள அம்மூட்டுக்கு இப்போது எண் 17. அதன் பக்கத்தில் நான்கு பதிவுகள் உள்ளன. முதலாவது, எட்டு போல்ட்டுகளும் புதிய மூன்று மில்லிமீட்டர் ரப்பர் கேஸ்கட்டும் இட்டுப் பூட்டியது. இரண்டாவது, மறுநாள் பார்வையில் சிறு கசிவு கண்டது. மூன்றாவது, நீரை நிறுத்தி அழுத்தம் இறக்கி மீண்டும் இறுக்கியது. நான்காவது, தொட்டி இயக்குபவரின் கையெழுத்தில் 'உலர்ந்துள்ளது' என்ற ஒற்றைச் சொல். எருமைகள் ஏரிக்கரைக்குப் போய்விட்டன. அவற்றின் உரிமையாளர் மட்டும் நம்மைக் காணுந்தோறும் குறைபட்டுக்கொள்கின்றார்.