ராயபுரத்தில் எழுதிய கட்டுரையை உலகம் ஏன் மேற்கோள் காட்டுகிறது?

"உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் ஊர்க்காரர்" என்ற வாழ்த்துச் செய்தி ஆண்டுதோறும் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதே குழுவில் மறுநாளே, "300 ஆய்வுக் கட்டுரை எழுதிய டாக்டர் சொல்கிறார், இந்தப் பொடியைச் சாப்பிட்டால் சுகர் மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு காணொளியும் வருகிறது. இரண்டிலும் முன்னால் நிற்பது ஓர் எண். வாப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போது, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. அத்திப்பட்டில் ரயில் ஏறி எண்ணூர், திருவொற்றியூர் தாண்டி கடற்கரை நிலையம் போகிறவர்களுக்கு ராயபுரம் தெரியும். அங்கே 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு முன்பே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிப் பிரிவு நடத்தியவர் அவர். ராயபுரம் மருத்துவமனையோடு இணைந்த நீரிழிவு ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன். அவரும் சி. ஸ்நேகலதாவும் சகாக்களும் எழுதிய கட்டுரைகளின் வரிசை, ஓர் ஆய்வாளரின் எழுத்துப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சான்று.

1992இல் ஒரு கட்டுரை வந்தது. நகரத்தில் 100 பேரில் 8 பேருக்குச் சர்க்கரை நோய், கிராமத்தில் 2 பேருக்குத்தான் என்றது அது (8.2 சதவீதம், 2.4 சதவீதம்). 2001இல் ஆறு பெருநகரங்களில் 11,216 பேரைச் சோதித்த தேசிய நகர்ப்புற ஆய்வு வெளியானது. அதில் சென்னையின் அளவு 13.5 சதவீதம். 2008இல் வந்த கட்டுரை சென்னையில் 18.6 சதவீதம் என்றது. ஒரே கேள்வியைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய பதிவு இது. பரபரப்புக்காக இன்று ஒரு தலைப்பு, நாளை ஒரு தலைப்பு என்று தாவவில்லை.

இவற்றுள் அதிகம் பேசப்பட்டது 2006இல் டயாபெட்டாலஜியா இதழில் வந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். நோய் இன்னும் வரவில்லை, ஆனால் சர்க்கரை அளவு கூடத் தொடங்கிவிட்டது என்ற நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்கு உணவு, நடைப் பயிற்சி குறித்துத் தொடர்ந்த வழிகாட்டல். மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதுக்கு இரண்டும்.

மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. மற்ற மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ 40 சதவீதம். மாத்திரை தந்த பலனை உணவும் நடையுமே தந்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை.

இதை உலகம் ஏன் எடுத்துக்கொண்டது? 2002இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் 58 சதவீதம் தடுத்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மிகப் பருமனானவர்கள். நம்மவர்களோ அவ்வளவு பருமன் இல்லாதவர்கள், ஏற்கெனவே ஓரளவு நடப்பவர்கள். அப்படியிருந்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்றே ஆண்டில் நோய் வந்தது. அவர்களிடமும் தடுப்பு பலன் தரும் என்று காட்டியது சென்னைக் கட்டுரைதான். ஆசியாவில் தடுப்பு பற்றி எழுத வந்தவர்கள் இதைக் குறிப்பிடாமல் எழுத முடியாமல் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டியுள்ளன.

மேற்கோள் என்றால் இதுதான். பின்னால் வரும் ஆய்வாளர் தன் கட்டுரையில், 'இதை இன்னார் இந்த ஆண்டில் கண்டறிந்தார்' என்று பெயரைச் சொல்லிப் பயன்படுத்துவது. சில நேரம் அது பாராட்டு. சில நேரம் 'இவர் சொன்னது தவறு' என்ற மறுப்பு. கணக்கில் இரண்டுமே ஒன்று என்றுதான் விழும்!

2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தார். ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். எளிமையான அளவுதான், ஆனால் ஓட்டைகள் உண்டு. ஒரே ஒரு கட்டுரை எழுதி அது 5,000 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் எச்-இண்டெக்ஸ் 1தான். வயது ஏற ஏற எண் ஏறும், இறங்காது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் உலகளாவிய கட்டுரையில் பட்டியலின் நடுவில் பெயர் இருந்தாலும் முழு எண்ணிக்கையும் கணக்கில் சேரும்.

மோசமான வழியும் இருக்கிறது. தன் பழைய கட்டுரைகளைத் தானே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது. ஒரே கல்லூரிக்காரர்கள் ஒருவரையொருவர் மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்வது. தரவரிசையில் முன்னேற இது குறுக்குவழி. பிள்ளைகளை மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி என்று சேர்க்கும் பெற்றோர், கல்லூரி விளம்பரத்தில் வரும் 'இத்தனை ஆயிரம் மேற்கோள்கள்' என்ற வரிக்காகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த மருத்துவமனைக்கு ஒரு நாளில் எத்தனை புறநோயாளிகள் வருகிறார்கள் என்று கேளுங்கள், அது உதவும்.

எண் குறைவாக இருந்தால் வேலை சிறியது என்றும் நினைக்க வேண்டாம். கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே, காலரா கிருமி வெளிவிடும் நச்சுதான் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது என்று 1959இல் நேச்சர் இதழில் நிறுவினார். பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகுதான் அந்தத் துறையே அவர் கட்டுரையின் மேல் எழுந்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபலுக்கே பரிந்துரைத்தார். 1985இல் இறக்கும் வரை டேவுக்கு இந்தியாவில் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. மேற்கோள்களை எண்ணும் முறையையே உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டுதான், அவர் இறந்த மறு ஆண்டு அவரைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஆகவே எண்ணைவிட, அந்தக் கட்டுரையை வைத்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகள் ரமலான் நோன்பு வைப்பது பற்றி, இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. டைப்-2 நோயாளிகளில் 79 சதவீதம் பேர் நோன்பு வைத்தார்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது, 100 பேருக்கு மாதம் 0.4 முறை என்றிருந்தது, ரமலானில் 3 முறையாகக் கூடியது. பின்னால் வந்த வழிகாட்டுதல்கள் இந்த எண்களை எடுத்தே எழுதப்பட்டன. யார் நோன்பு வைக்கலாம், யார் கூடாது, ஸஹரில் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கேட்கச் சொல்வது அப்படி வந்த பழக்கம்.

ராமச்சந்திரன் குழுவின் இன்னொரு ஆய்வு, அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 2013இல் வெளிவந்தது. பொதுத்துறை, தனியார் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் 537 ஆண்கள். எல்லோருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. செலவு எவ்வளவு குறைவு பாருங்கள்.

அந்தப் பொடி டாக்டரைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. பப்மெட், கூகுள் ஸ்காலர் இரண்டும் இலவசம். பெயரையும் பொடியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 300 கட்டுரையும் எலும்பு முறிவு பற்றியதாக இருக்கலாம். பொடியைப் பற்றி ஒன்று இருந்தாலும் அது எலிகளிடம் நடந்ததாக இருக்கலாம். மனிதர்களிடம், குலுக்கல் முறையில் பிரித்து, பொடி தராத குழுவோடு ஒப்பிட்டு நடந்ததா என்று பாருங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், அரை மணி நேர வேலை.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். நம் பெயர்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆய்வுத் தளங்களில் 'எஸ். முஹம்மது' என்று தேடினால் உலகம் முழுவதிலுமுள்ள முஹம்மதுகள் வந்து நிற்பார்கள். ஒருவர் கட்டுரை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். அதனால் ஒருவரின் மேற்கோள் எண்ணை நம்புவதற்கு முன், கட்டுரைகளில் உள்ள கல்லூரியின் பெயரும் துறையும் அவருடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் யாராவது ஆய்வுக்குள் நுழைந்தால், முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. எல்லாக் கட்டுரையிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுக்கட்டும். ஒன்றில் 'முகமது', இன்னொன்றில் 'முஹம்மத்' என்றால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர்.