ஆடாதவனும் ஆட்டக்காரனே!

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பார்கள். ஆனால் அந்த முளையைப் பார்க்க யாரேனும் வயலுக்குள் இறங்க வேண்டும் அல்லவா? விளையாட்டிலும் அப்படித்தான். களத்தில் ஆடுகின்ற ஐவரை எல்லாக் கண்களும் பார்க்கின்றன. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை யார் பார்க்கிறார்கள்?

நான் பார்க்கிறேன். நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான் ஆடுபவன் அல்லன். மேசையில் அமர்ந்து ஆட்டக் கணக்கு எழுதுபவன். கணிதப் பிரிவு மாணவன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் அமரும் பெஞ்சு என் மேசைக்கு அருகிலேயே இருக்கும்.

களம் இறங்கியவரின் பெயருக்கு நேரே ஆட்டத் தாளில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். எடுத்த புள்ளிகளையும் செய்த தவறுகளையும் குறிக்க இடம் உண்டு. எத்தனை நிமிடம் ஆடினார் என்று எழுத மட்டும் இடமில்லை. ஆட்டம் முழுவதும் ஆடியும் புள்ளி எடுக்காதவருக்கும், கடைசி நாற்பது விநாடி இறங்கிப் பந்தையே தொடாதவருக்கும் தாளில் கிடைப்பது ஒரே பூஜ்யம்தான். இரண்டு பூஜ்யங்களும் ஒன்றாகுமா? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ. போட்டிகளின் வரலாற்றைப் படித்தபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நிமிடங்களின் பங்கீடு

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் ஓர் அணியில் ஐவர் மட்டுமே ஆடலாம். நம் ஆட்டம் 40 நிமிடம். ஐவருக்கும் சேர்த்து 200 நிமிடங்கள். பயிற்சியாளரின் கையிலுள்ள சொத்து முழுவதும் இவ்வளவுதான். பன்னிருவருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 16 நிமிடம் 40 விநாடி வரும். ஆனால் எந்தப் பயிற்சியாளரும் அப்படிப் பங்கிடுவதில்லை. வெல்ல வேண்டும் என்பதால் வல்லவர்க்கே மிகுதியாகக் கொடுக்கிறார். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். ஆகவே அங்கே 240 நிமிடங்கள். கோடிக்கணக்கான பணம் புழங்கும் இடமாதலால் போட்டியும் கடுமை.

பள்ளியிலிருந்து பெஞ்சுக்கு

புதிதாகச் சேரும் ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுப்பதை அங்கே ‘டிராஃப்ட்’ என்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு டிராஃப்டில் 17-ஆவது ஆளாகப் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் அணி ஜெர்மைன் ஓ’நீல் என்ற இளைஞரை எடுத்தது. தென் கரோலினா மாநிலத்தவர். உயரம் 6 அடி 11 அங்குலம். கல்லூரிக்குப் போகாமல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர். அவ்வாண்டு டிசம்பரில் முதன்முதலாகக் களம் இறங்கியபோது, அதுவரை என்.பி.ஏ.வில் ஆடியவர்களிலேயே மிக இளையவர் அவர்தான். வயது 18 ஆண்டும் 53 நாளும்.

தொடக்கம் இப்படி இருந்தும், அடுத்த நான்கு ஆண்டுகள் அவருக்குப் பெரும்பாலும் பெஞ்சிலேயே கழிந்தன. எந்த ஆண்டிலும் ஆட்டத்திற்குச் சராசரியாக 14 நிமிடங்கூட அவருக்குக் கிட்டவில்லை. காரணம், அவர் ஆட வேண்டிய இடத்தில் ரஷீத் வாலஸ், பிரையன் கிரான்ட், லித்துவேனியாவிலிருந்து வந்த 7 அடி 3 அங்குல அர்விதாஸ் சபோனிஸ் ஆகியோர் இருந்தனர். 1999-இல் ஸ்காட்டி பிப்பன், ஸ்டீவ் ஸ்மித், டெட்லெஃப் ஷ்ரெம்ப் ஆகிய அனுபவசாலிகளையும் போர்ட்லாந்து சேர்த்துக்கொண்டது. கோப்பை இன்றே வேண்டும் என்று நினைக்கும் அணியில் நாளைய ஆட்டக்காரனுக்கு இடம் எங்கே?

அதே டிராஃப்டில் 13-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, பரிமாற்றத்தின் வழியே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனவர் கோபி பிரையன்ட். அவரும் பள்ளியிலிருந்து நேரே வந்தவர். ஓ’நீலைவிட இரண்டே மாதம் மூத்தவர். முதலாண்டில் அவரும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். ஆனால் மூன்றாம் ஆண்டில் அவர் முதல் ஐவரில் ஒருவராகிவிட்டார்.

போர்ட்லாந்தின் அவசரம்

2000-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் நடந்தது. லேக்கர்ஸுக்கு எதிராகப் போர்ட்லாந்து கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி முன்னணியில் இருந்தது. வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் அடுக்கடுக்காக எறிந்த பந்துகள் எல்லாம் வளையத்தைத் தவறின. முடிவில் 89க்கு 84 என்று லேக்கர்ஸ் வென்றது. அன்று லேக்கர்ஸுக்கு 25 புள்ளி எடுத்துத் தந்தவர், இருபத்தொரு வயதே ஆன அதே கோபி பிரையன்ட்!

தோல்வியின் காயம் ஆறுமுன்னே போர்ட்லாந்து ஆள் மாற்றத்தில் இறங்கியது. லேக்கர்ஸின் நடுநாயகமான ஷகீல் ஓ’நீல் 7 அடி 1 அங்குல உயரமும் மலைபோன்ற உடலும் கொண்டவர். (நம் ஜெர்மைனுக்கு இவர் உறவினர் அல்லர், பெயர் ஒற்றுமைதான்.) அவரை முட்டித் தடுக்க வலுவான ஆள் தேவைப்பட்டது. எனவே 2000 ஆகஸ்டில் இண்டியானா பேசர்ஸ் அணியின் டேல் டேவிஸை வாங்கினார்கள். வயது 31, அவ்வாண்டு ஆல் ஸ்டார் ஆட்டத்திற்குத் தேர்வானவர். அவருக்கு ஈடாக அனுப்பப்பட்டவர்கள் ஜெர்மைன் ஓ’நீலும் ஜோ கிளைன் என்ற மூத்த ஆட்டக்காரரும். பிரையன் கிரான்டையும் விட்டுவிட்டு, முன்னாள் நட்சத்திரமான ஷான் கெம்பைக் கொண்டுவந்தார்கள்.

இண்டியானாவின் நிலை வேறு. அவ்வாண்டு இறுதிப் போட்டி வரை சென்று லேக்கர்ஸிடம் தோற்ற அணி அது. ஆனால் ரிக் ஸ்மிட்ஸ் ஓய்வு பெற்றார். மார்க் ஜாக்சன் வேறு அணிக்குப் போனார். பயிற்சியாளர் லாரி பேர்ட் விலகினார். பழைய அணி கலைந்துவிட்டபடியால் புதிய ஆளுக்குக் கொடுக்க அவர்களிடம் நிமிடங்கள் இருந்தன.

ஒரு சிறு கணக்கு

போர்ட்லாந்தில் கடைசி ஆண்டில் ஓ’நீலின் சராசரி இது: ஆட்டத்திற்கு 12.3 நிமிடம், 3.9 புள்ளி, 3.3 ரீபவுண்ட். (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதே ரீபவுண்ட்.) பார்த்த மாத்திரத்தில் இது சாதாரண ஆட்டக்காரரின் கணக்கு என்றே தோன்றும்.

இண்டியானாவில் முதல் ஆண்டில் அவருக்கு ஆட்டத்திற்கு 32.6 நிமிடம் கிடைத்தது. பழைய கணக்கை நேர் விகிதத்தில் பெருக்கினால் 10.3 புள்ளியும் 8.7 ரீபவுண்டும் வர வேண்டும். உண்மையில் வந்தவை 12.9 புள்ளியும் 9.8 ரீபவுண்டும்! ஆக, புதிய திறமை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதில் பெரும்பகுதி பழைய கணக்கிலேயே ஒளிந்திருந்தது. நிமிடத்தால் வகுத்துப் பார்த்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்கும். விகிதத்திற்கு மேலே வந்த மிச்சம், களத்தில் நிலையாக நின்று ஆடியதால் வந்த வளர்ச்சி என்றே நான் கருதுகிறேன்.

மறு ஆண்டு அவர் 19 புள்ளியும் 10.5 ரீபவுண்டும் சராசரியாக எடுத்து, ‘மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர்’ என்ற விருதைப் பெற்றார். 2002 முதல் 2007 வரை தொடர்ந்து ஆறு முறை ஆல் ஸ்டார். 2004-இல் இண்டியானா 82 ஆட்டங்களில் 61-ஐ வென்றபோது, அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். போர்ட்லாந்தோ, டேவிஸ் வந்த முதல் ஆண்டிலேயே முதற் சுற்றில் அதே லேக்கர்ஸிடம் மூன்று ஆட்டமும் தோற்று வெளியேறியது.

மறுபக்கமும் உண்டு

இதனால் போர்ட்லாந்துக்காரர்கள் அறிவிலிகள் என்று சொல்லிவிடலாகாது. நேர் விகிதம் எப்போதும் பொய்க்காது என்றும் சொல்ல முடியாது. மாற்று ஆட்டக்காரர் பெரும்பாலும் எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்களையே சந்திக்கிறார். நீண்ட நேரம் ஆடினால் கால் சோரும். பெஞ்சில் இருப்போர் எல்லாரும் மறைந்திருக்கும் மாணிக்கங்களும் அல்லர். இண்டியானாவும் உடனே பலன் காணவில்லை. முந்தைய ஆண்டு 56 வெற்றி பெற்ற அணி, 41 வெற்றிக்கு இறங்கிற்று. இளைஞனுக்கு நிமிடம் கொடுப்பதற்கு அதுதான் விலை. ஓ’நீல் கடைசி வரை கோப்பை வெல்லவும் இல்லை. 2004-இல் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றில் டெட்ராய்ட் அவரது அணியைத் தோற்கடித்துப் பின்னர் கோப்பையையும் வென்றது. அந்த டெட்ராய்ட் அணியில் இருந்தவர், போர்ட்லாந்தில் அவருக்கு முன் ஆடிய அதே ரஷீத் வாலஸ்! விளையாட்டு எல்லாருக்கும் நியாயம் வழங்குவதில்லை. ஆனால் ஆடிப் பார்த்துத் தோற்பது வேறு. ஆடாமலே தோற்பது வேறு.

பூஜ்யமும் வெற்றுக் கட்டமும்

நாற்றங்காலில் நாள் கடந்து முற்றிய நாற்றைப் பிடுங்கி நட்டால் சரியாகத் தூர் கட்டாது. இது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. விதையின் குற்றமா அது? நடவேண்டிய நாளில் நடாத குற்றம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் களத்துமேட்டில் நின்றபடியே நெல் மூட்டைக் கணக்கை மனத்தில் போட்டு, வியாபாரிக்கு முன்பே விடை சொல்லிவிடுவார். அவருடைய படிப்பைப் பற்றிய தாளில் இருப்பது பூஜ்யம் அன்று. எழுதப்படாத வெற்றுக் கட்டம். அவருக்குக் கொடுக்கப்படாத நிமிடங்களைத்தான் இன்று நான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வாண்டு முதல் ஆட்டத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். அதில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்று எழுதுகிறேன். முதலாண்டு மாணவர் ஒருவரின் பெயருக்கு நேரே ஏழு ஆட்டங்களுக்கும் சேர்த்து 19 நிமிடமே இருந்தது. அதற்குள் அவர் எடுத்த ரீபவுண்டுகளையும் குறித்து, உடற்கல்வி இயக்குநரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் இரண்டாம் கால்பகுதி தொடங்கும்போது பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, “எழுந்திருப்பா” என்றார்.

அன்று அந்தத் தம்பி எடுத்தவை நான்கு புள்ளிகள். அது ஆட்டத் தாளில் இருக்கிறது. ஆடியது பதினொரு நிமிடம். அது என் நோட்டில் இருக்கிறது.