சாளரம் பேசாவிட்டால் டெர்மினலைக் கேளுங்கள்

உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் கணினியில் மென்பொருள் புதுப்பிப்பானைத் திறந்தால், சில வேளைகளில் தலைப்புப் பட்டையோடு வெறும் சாளரம் மட்டும் வந்து நிற்கும். உள்ளே பட்டியலும் இருக்காது, பிழைச் செய்தியும் இருக்காது. உடனே இயங்குதளத்தையே அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிடலாம் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். பெயர்ப்பலகை விளக்கு எரியவில்லை என்று கடையை இடித்துக் கட்டும் வேலை அது. நாம் பார்க்கும் சாளரம் வேறு, புதுப்பிக்கும் நிரல் வேறு. முன்னது முடங்கினாலும் பின்னது பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

இந்தப் பிரிவினை காலப்போக்கில் அமைந்தது. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், மென்பொருள் பொதிகளை நிறுவும் டிபிகேஜி முதலில் வந்தது. ஒரு பொதிக்கு வேறு எவையெல்லாம் தேவை என்று கணக்கிட்டு இணையத்திலிருந்து இறக்கித் தரும் ஆப்ட், 1999-இல் டெபியன் 2.1-உடன் சேர்ந்தது. 2004-இல் வெளிவந்த உபுண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு, மேலே ஒரு முகப்பை வைத்தது. ஆப்ட் சி++ மொழியில் எழுதப்பட்டது. முகப்போ பைத்தானில் எழுதப்பட்டது. உபுண்டு 22.04-உடன் வருவது பைத்தான் 3.10. புதிய பதிப்பு வேண்டுமென்று யாராவது 'பைத்தான்3' என்ற பொதுப்பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டால், 3.10-க்கென்றே தொகுக்கப்பட்ட ஆப்ட் இணைப்பு நிரல் முகப்புக்குக் கிடைக்காது. முகப்பு திறக்கவே மறுக்கும். ஆப்ட் மட்டும் வழக்கம்போல் ஓடும்.

ஆகவே முதல் சோதனை எளிது. டெர்மினலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' கட்டளையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பட்டியல் ஒழுங்காக இறங்கினால் பழுது முகப்பில் இருக்கிறது. முகப்பை டெர்மினலிலிருந்தே இயக்கினால், அது எந்த வரியில் விழுந்தது என்பதைப் பெரும்பாலும் அங்கேயே எழுதிக்காட்டும். கட்டளையே தடுக்கினால் பழுது அடியில்: வட்டு நிரம்பியிருக்கலாம், ஒரு மென்பொருள் களஞ்சியத்தின் கையொப்பம் பொருந்தாமல் போயிருக்கலாம். மற்ற மென்பொருள்களின் சாளரங்களும் வெறுமையாக வந்தால், சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவரின் மேல் போக வேண்டும். வேறு நிரல் பொதிகளைக் கையாள்வதால் பூட்டு விழுந்திருக்கிறது என்று செய்தி வந்தால், பூட்டுக் கோப்பை அழிக்கும் குறுக்குவழி வேண்டாம். பூட்டைப் பிடித்து வைத்திருப்பது கெர்னல். கோப்பு எப்போதும் அங்கேதான் கிடக்கும். அதை அழித்தால் முதல் நிரல் நிற்காது. இரண்டாவது நிரலும் உள்ளே புகுந்து, பொதித் தரவுகள் குலைய வழி பிறக்கும். பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு.

சாதாரணப் பயனர் ஏன் கட்டளை தட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. காரணம் சொல்லாத வெற்றுச் சாளரம் வடிவமைப்பின் குறையே. டெர்மினல் இருப்பது அதற்குச் சாக்கு ஆகாது. ஆனால் மெனுவிலிருந்து தொடங்கும் நிரலின் பிழைச் செய்தி பதிவேட்டுக்குள் போய்விடுகிறது, பயனர் கண்ணில் படுவதில்லை. அதே நிரலை டெர்மினலில் தொடங்கினால் அது நேரே திரைக்கு வருகிறது. மறுநிறுவல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்பது இன்னொரு வாதம். முடியலாம், ஆனால் காரணத்துக்கான தடயமும் அதோடு அழிந்துபோகும். பைத்தானை மாற்றிய பழக்கமோ, பொருந்தாத வெளிக் களஞ்சியமோ திரும்ப வந்தால், பழுதும் திரும்ப வரும். பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது புதுப்பிப்பு வழியாகத்தான் என்பதால், சாளரம் சரியாகும்வரை அதை ஒத்திவைக்கவும் கூடாது. முகப்பைப் பிறகு பழுதுபார்க்கலாம். திருத்தங்களை இன்றே ஆப்ட் வழியாக நிறுவிவிடலாம்.