திரையில் வெடிக்கும் துப்பாக்கி: குண்டு இல்லாமலும் ஆபத்து ஏன்?

1943 தெஹ்ரான் மாநாட்டில் ஸ்டாலின், ரூஸ்வெல்ட், சர்ச்சில் ஆகியோரைக் கொல்லும் சதியை மையமாகக் கொண்ட சோவியத் திரைப்படம் 'தெஹ்ரான் 43' (1981). இத்தகைய அரசியல் திரைப்படங்களின் துப்பாக்கிச்சூட்டுக் காட்சிகளில் வெற்றுத் தோட்டாக்களைப் பயன்படுத்துவது வழக்கம்.

வெற்றுத் தோட்டாவில் வெடிமருந்து உண்டு, குண்டு இல்லை. இதனால் தானியங்கித் துப்பாக்கியின் குழலில் போதிய வாயு அழுத்தம் உருவாகாது; அடுத்த தோட்டா தானாக ஏறாது. எனவே, படப்பிடிப்புத் துப்பாக்கிகளில் குழலின் உட்புறம் குறுக்கப்படுகிறது.

ஆயினும், மிக அருகில் சுட்டால் சீறிவரும் வாயுவே உயிரைப் பறிக்கும். 1984-இல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம், வெற்றுத் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு, படுகாயமடைந்து உயிரிழந்தார்.

எந்த நாட்டுப் படமாயினும், துப்பாக்கி முனையைச் சக நடிகரிடமிருந்து சற்று விலக்கிப் பிடிப்பதே பாதுகாப்பான முறை. அந்த விலகலைக் கேமரா கோணம் மறைத்துவிடும்.