பழைய மோட்டார் மீண்டும் கடலுக்குப் போனது

மொரப்பூரில் கடல் ஏது, படகு ஏது என்று தோழியர் நகைக்கக்கூடும். நாம் அறிந்த எஞ்சின்கள் கிணற்று மேட்டு பம்புசெட்டும் டி.வி.எஸ். 50-ம் தானே! ஆயினும் சென்ற கோடை விடுமுறையில், குமரி மாவட்டத்தில் முட்டத்திற்கு அருகிலுள்ள நம் சிஸ்டர் ஒருவரின் ஊருக்கு நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். அங்கே அவருடைய அண்ணன் தம் வள்ளத்தின் மோட்டாரைப் பிரித்து, சாக்கின்மீது பரப்பி வைத்திருந்தார்.

அதற்கு வயது முப்பதுக்கு மேல். நடுக்கடலில் சூடேறி நின்றுவிட, வேறொரு வள்ளத்தார் கயிறு கட்டி இழுத்து வந்தார்களாம். புதியது வாங்கினால் கடன். பழையதைச் சரிசெய்யாவிட்டால் அடுப்பு எரியாது.

இவ்வகை மோட்டாரைப் படகின் பின்பலகையில் மாட்டுவார்கள். மேலே எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, நீருக்குள் விசிறி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரியில் துடுப்புப் போட்டுக் கரை சேர்வதற்குள், காதலிக்கு வாங்கிய ஐஸ்கிரீம் உருகியதே காரணம் என்பார்கள். (சிஸ்டர் இதைச் சொல்லும்போது சிரித்தார்கள்.) முட்டத்தில் 1980-களில் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டபின் இம்மோட்டார்கள் அக்கரையில் பெருகின.

அண்ணனின் மோட்டார் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆனால் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும்; சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குமுன் மறுபடி பெட்ரோலுக்கு வராவிட்டால், மறுநாள் விடியலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அசையாது. பழைய மொபெட்டுகளைப் போல எரிபொருளோடு ஆயிலும் கலக்க வேண்டும்.

பிளக்கின் கரியைத் துடைத்தார். காந்தச் சக்கரத்தின் அடியிலிருந்த பாயின்ட்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளைப் பெட்ரோலில் கழுவி ஊதினார். இவை அரைமணி வேலை. நோயோ வேறிடத்தில் இருந்தது.

விசிறிக்குச் சற்று மேலே கையகலச் சக்கரம் ஒன்று உண்டு. ரப்பர் இதழ்களால் ஆனது. அதுதான் கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிறது. அதைக் கழற்றி எங்களிடம் நீட்டி, "இதழை எண்ணுங்க மக்களே" என்றார். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன.

புதிய சக்கரத்தைப் போட்டுவிடலாமே என்றோம். "போன ரெண்டும் எங்கே?" என்று கேட்டார். அவை நீர்ப்பாதையை அடைத்திருந்தால் புதியதும் பயனற்றுப் போகும் அல்லவா! ஒரு துண்டு உடனே கிடைத்தது. மற்றது உப்புப் படிவோடு குழாய் வளைவில் ஒட்டியிருந்தது. அதை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது.

நீரில்லாமல் ஓட்டினால் அந்த ரப்பர் நொடிகளில் கருகிவிடுமாம். ஆகவே டிரம் நிறையக் கிணற்று நீர் சுமந்தோம். நான்காம் இழுப்பில் நீலப் புகையோடு கிளம்பியது. எங்கள் கண்கள் பின்புறத் துளையின் மேலேயே இருந்தன. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு, பென்சில் கனத்தில் நீர் பீய்ச்சியது! சிஸ்டரின் அம்மா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வள்ளம் தன் மோட்டாராலேயே கரைக்கு வந்தது. உப்புப் போக மோட்டாரை உடனே நன்னீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்றார் அண்ணன். மீண்டும் குடங்களோடு கிணற்றுக்கு ஓடினோம்.

– பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு